பள்ளியிடம் பெற்றோர் எதைக் கேட்கலாம், எதை மாற்ற முடியாது?

கேள்வி:

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. கணவர் எச்1பி வேலை விசாவிலும் நான் அவரைச் சார்ந்த எச்4 விசாவிலும் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். இப்போது ஆறாம் வகுப்பு. கோடை விடுமுறையில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அவளை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். பள்ளி ஆகஸ்டில் திறந்தது. அவளை ‘ஆங்கிலம் கற்போர்’ பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்ற கடிதம் அக்டோபர் முதல் வாரத்தில்தான் வந்தது. வாரத்தில் மூன்று நாள் அறிவியல் வகுப்பின் பாதியில் அவளை எழுப்பி வேறு அறைக்கு அழைத்துப் போகிறார்களாம். பழைய பள்ளியில் அவள் ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

இது ஒருபுறம் இருக்க, மாணவர்களின் மனநலம் பற்றிய கருத்தாய்வு நடக்கப் போவதாகவும், பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெற்றோரின் வருமானம், மத வழக்கம் பற்றியும் அதில் கேள்விகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வசந்த காலத்தில் உடல்நலப் பாடத்தில் பாலியல் கல்வி தொடங்குகிறது; உறவினர்கள் அவளை அனுப்பாதே என்கிறார்கள், எனக்கு இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் ‘பெற்றோர் உரிமைச் சட்டம் வேண்டும்’ என்று ஒரு மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கணவரோ, விசாவில் இருப்பவர்கள் பள்ளியோடு மோதக் கூடாது, வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார். எங்களுக்கு உண்மையில் என்ன உரிமை இருக்கிறது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் உங்கள் கணவரின் தயக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தீராவிட்டால் நான் சொல்லும் மற்றவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும், கருத்தாய்வு பற்றி முன்கூட்டி அறியும் உரிமையும், மொழிப் பிரிவிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையும் ‘பெற்றோர்’ என்ற தகுதிக்குத் தரப்பட்டவை. குடியுரிமையையோ விசா வகையையோ அந்தச் சட்டங்கள் பார்ப்பதில்லை. முறையான ஆவணமே இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியின் கதவை அடைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் தீர்ப்பளித்தது. நீங்கள் முறையான விசாவில் இருப்பவர்கள். உங்கள் மகளோ பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகள். பள்ளி நிர்வாகத்துக்கு உங்கள் விசாவைத் தொடும் அதிகாரம் எதுவும் கிடையாது. மேலும், பதிவேட்டைக் காட்டுங்கள் என்று ஒரு தாய் மின்னஞ்சல் அனுப்புவதை எந்தப் பள்ளியும் மோதலாக நினைப்பதில்லை. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது வாராவாரம் வரும் வேலை. விசாவில் இருப்பவர் உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அதை அந்த வாட்ஸ்ஆப் மனுவைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

இப்போது மொழிப் பிரிவு. மூன்றில் அவசரமானது இதுதான், ஏனென்றால் உங்கள் மகள் இப்போதே அறிவியல் பாடத்தை இழந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டில் பேசும் மொழி என்ன என்ற கேள்வி பள்ளிக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. அதில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி இருந்தால், பள்ளி பிள்ளைக்கு ஒரு தகுதித் தேர்வு வைக்க வேண்டும். பல மாநிலங்களில் விடா என்ற கூட்டமைப்பின் தேர்வைப் பயன்படுத்துகிறார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகளாக அது நடக்கிறது. மொழிப் பிரிவில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அந்த மதிப்பெண்தானே தவிர, தமிழ் என்று நீங்கள் எழுதியது அல்ல. ஆகவே உங்கள் முதல் கேள்வி, ‘ஏன் சேர்த்தீர்கள்?’ என்பதாக இருக்க வேண்டியதில்லை. ‘எந்தத் தேதியில் தேர்வு வைத்தீர்கள், நான்கு பகுதிகளிலும் தனித்தனியாக என்ன மதிப்பெண் வந்தது?’ என்பதாக இருக்கட்டும். புதிய ஊர், புதிய பள்ளி, முன்பின் தெரியாத ஆசிரியர், காதில் ஹெட்போனை மாட்டிக் கணினியைப் பார்த்துப் பேசச் சொல்லும் ஒரு தேர்வு: கூச்ச சுபாவமுள்ள பிள்ளை பேசுதல் பகுதியில் இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டால், மற்ற மூன்றில் அவள் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் மொத்த மதிப்பெண் இறங்கிவிடும். அப்படித்தான் நடந்ததா என்பது மதிப்பெண் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தத் தாளைப் பார்க்க உங்களுக்கு உரிமை தருவது 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம். பள்ளிக்காரர்கள் ஃபெர்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் கேட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பதிவேட்டைப் பார்க்கப் பள்ளி இடமளிக்க வேண்டும். அதில் இருப்பது தவறு என்று தோன்றினால் திருத்தக் கோரலாம். மறுத்தால் முறையான விசாரணை கேட்கலாம். மகளுக்கு 18 வயது ஆகும் வரை, அல்லது அவள் கல்லூரியில் சேரும் வரை, இந்த உரிமை உங்களிடம் இருக்கும். பிறகு அது அவளுடையதாகிவிடும். 45 நாள் என்பது உச்ச வரம்புதான். ஒரு மதிப்பெண் தாளை எடுத்துத் தர எந்தப் பள்ளிக்கும் அவ்வளவு நாள் தேவைப்படாது என்பதால், ஒரு வாரத்துக்குள் தர இயலுமா என்று பணிவாகவே கேளுங்கள்.

காலக்கெடு விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. மொழிப் பிரிவில் சேர்க்கப்படும் பிள்ளையின் பெற்றோருக்கு, பள்ளி ஆண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கல்விச் சட்டத்தில் உள்ள விதி. ஏன் சேர்த்தோம், எந்த அளவில் மதிப்பிட்டோம், எந்த முறையில் கற்பிப்போம், எப்போது வெளியேறலாம் என்பவை எல்லாம் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். பெற்றோர் மறுக்கலாம் என்பதும், கேட்டவுடன் பிள்ளையைப் பிரிவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. ஆகஸ்டில் திறந்த பள்ளி அக்டோபரில் கடிதம் அனுப்பியிருப்பது கெடு தாண்டிய செயல். இதை வைத்துப் பள்ளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மின்னஞ்சலில் இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டுவிட்டால், படிப்பவர் அதன் பொருளைப் புரிந்துகொள்வார்.

ஆயினும், உடனே ‘எடுத்துவிடுங்கள்’ என்று எழுதுவதற்கு முன் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். பிரிவிலிருந்து விலக்கினாலும், ‘ஆங்கிலம் கற்பவர்’ என்ற அடையாளம் பதிவேட்டில் அப்படியே நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்வை அவள் எழுதித்தான் ஆக வேண்டும். அடையாளத்தையே நீக்க வேண்டுமென்றால், தவறாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறாள் என்று காட்டி மறுமதிப்பீடு கேட்க வேண்டும். பல மாநிலங்களில் இதற்கென்றே நடைமுறை வைத்திருக்கிறார்கள். பழைய பள்ளியின் ஆங்கில மதிப்பெண்கள், முந்தைய மாநிலத் தேர்வில் வாசிப்புப் பகுதியில் அவள் எடுத்த நிலை, அங்கிருந்த ஆசிரியரின் ஒரு பக்கக் கடிதம் ஆகிய மூன்றும் உங்களிடம் இருந்தால் போதுமான சான்று. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம்: மறுமதிப்பீடு முடியும்வரை அறிவியல் வகுப்பிலிருந்து அவளை எழுப்ப வேண்டாம் என்று.

இந்த இடத்தில் நம்மவர்களிடையே சுற்றிவரும் ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுங்கள், தொல்லையே இல்லை’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அரசுப் பள்ளிக்குத் தரும் படிவத்தில் தெரிந்தே தவறாக எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும். நாளை உங்கள் இரண்டாவது பிள்ளைக்கோ, ஊரிலிருந்து வரும் உறவினர் பிள்ளைக்கோ ஆங்கிலத்தில் உண்மையாகவே உதவி தேவைப்பட்டால், அதைப் பெறும் வழியை நாமே அடைத்துக்கொள்வதாக அது முடியும். நீங்கள் தமிழ் என்று எழுதியது சரிதான்.

அடுத்தது கருத்தாய்வு. 1978இல் வந்த மாணவர் உரிமைகள் பாதுகாப்புத் திருத்தம் எட்டு வகைக் கேள்விகளைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது: மாணவர் அல்லது பெற்றோரின் அரசியல் சார்பு, மனநலம், பாலியல் நடத்தை, சட்டவிரோதமான அல்லது தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளும் நடத்தை, குடும்பத்தாரைப் பற்றிய விமர்சனம், மருத்துவர் வழக்கறிஞர் போன்றோருடனான இரகசிய உறவு, மத நம்பிக்கை, வருமானம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மையானால், அந்தக் கருத்தாய்வு இவற்றில் மூன்றையாவது தொடுகிறது. மத்தியக் கல்வித் துறையின் பணத்தில் நடத்தப்பட்டு, மாணவர் கட்டாயமாகப் பங்கேற்க வேண்டியதாக இருந்தால், பெற்றோரின் எழுத்துபூர்வமான முன்சம்மதம் இல்லாமல் அதை நடத்தக் கூடாது. அப்படி இல்லாமல் வேறு நிதியில், விருப்பத்தின்பேரில் நடத்துவதாக இருந்தால், முன்கூட்டி அறிவித்து, விலகிக்கொள்ள வாய்ப்புத் தந்தால் போதும். ‘பதில் வராவிட்டால் சம்மதம்’ என்ற முறை உங்களுக்கு எரிச்சலூட்டினாலும், இந்த இரண்டாவது வகைக்கு மத்தியச் சட்டப்படி அது செல்லும். யூட்டா போன்ற சில மாநிலங்கள் மட்டும் இதைவிடக் கடுமையாக, எழுத்துபூர்வச் சம்மதமே வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன. நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. அதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும்.

எனவே பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில. யார் தயாரித்த கருத்தாய்வு, யாருடைய நிதி, எந்தத் தேதியில் நடக்கிறது, கேள்வித்தாளை நான் முன்கூட்டிப் பார்க்க எங்கே வர வேண்டும்? வெளி நிறுவனம் தயாரித்த கருத்தாய்வை நடத்துவதற்கு முன் பெற்றோர் பார்க்கலாம் என்பது அதே சட்டத்தில் உள்ள உரிமை. பெயர் எழுதாத கருத்தாய்வு என்பதால் அந்த உரிமை மறைந்துவிடாது. பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். இத்தகைய கருத்தாய்வுகளின் விடைகளைக் கொண்டுதான் எத்தனை பிள்ளைகள் மனச்சோர்வில் இருக்கிறார்கள், எத்தனை ஆலோசகர்கள் தேவை என்று பள்ளிகள் கணக்கிடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். மனநலக் கேள்விகள் வரை சரி, வருமானமும் மதமும் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லலாம்.

சட்டத்தின் பெயரைச் சொல்லி ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இதே விஷயத்தில் சட்டத்தைவிட்டு அரசியலமைப்பை மட்டும் நம்பிப் போன பெற்றோர் தோற்றிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பாம்டேல் நகரில், ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில் பாலியல் தொடர்பான கேள்விகள் இருந்தன. பெற்றோரிடம் வாங்கிய சம்மதக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பாலியல் விஷயங்களைப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் உரிமை பெற்றோருக்கு மட்டுமே உரியது என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை என்று 2005இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்கும் எவருக்கும் பெற்றோர் பக்கமே மனம் சாயும் வழக்கு அது, ஆனாலும் தோற்றார்கள். நடப்பதற்கு முன் கேள்வித்தாளைக் கேட்டுப் பார்க்கும் ஒரு மின்னஞ்சல், நடந்த பிறகு போடும் வழக்கைவிட வலிமையானது.

அப்படியானால் அரசியலமைப்பு பெற்றோருக்கு எதுவுமே தரவில்லையா என்று கேட்பீர்கள். தருகிறது, அதன் தொடக்கக் கதை நமக்கு நெருக்கமானது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் மீதிருந்த வெறுப்பில், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, ஒரு தேவாலயப் பள்ளியில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பிள்ளையின் கல்வியை வழிநடத்தும் பெற்றோரின் உரிமை அரசியலமைப்பு பாதுகாக்கும் சுதந்திரங்களில் ஒன்று என்று அங்கே முதன்முதலாகப் பேசப்பட்டது. இன்று அமெரிக்கா எங்கும் சனி, ஞாயிறுகளில் நடக்கும் நம் தமிழ்ப் பள்ளிகளை எந்த மாநிலமும் தடை செய்ய முடியாது என்றால், அதற்கு அடித்தளம் இந்த 25 டாலர் வழக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து, எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்ற ஓரிகன் மாநிலச் சட்டமும் செல்லாது என்று முடிந்தது. 1972இல், எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த விஸ்கான்சின் மாநிலத்து ஆமிஷ் (எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் ஒரு கிறித்தவப் பிரிவு) பெற்றோரின் பக்கம் நீதிமன்றம் நின்றது; ஆனால் அவர்களின் நெடுங்கால மத வாழ்வை அடிப்படையாகக் கொண்ட தீர்ப்பு அது, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பவர்களுக்கெல்லாம் பொருந்தாது என்பதையும் தெளிவாக்கியது.

இந்தத் தீர்ப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புலப்படும். எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பதும், வீட்டிலேயே கற்பிப்பதும், வேறு மொழியையும் மதத்தையும் கூடுதலாகக் கற்றுக்கொடுப்பதும் பெற்றோரின் உரிமை. அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பிறகு, அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ன கற்பிக்க வேண்டும் என்று ஒரு தாயோ தந்தையோ கட்டளையிட முடியாது. இந்தக் கோடு அண்மையில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. மேரிலாந்தின் மான்ட்கோமரி வட்டாரத்தில், பாலினச் சிறுபான்மையினர் பாத்திரங்களாக வரும் படக்கதை நூல்களைத் தொடக்க வகுப்புகளில் படிப்பதிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ள முதலில் அனுமதித்த பள்ளி வாரியம் பிறகு அதை நிறுத்தியது. முஸ்லிம், கிறித்தவப் பெற்றோர் தொடுத்த வழக்கில், முன்கூட்டி அறிவித்து விலக அனுமதிக்க வேண்டும் என்று 2025 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை வழங்கியது. பலதரப்பட்ட மனிதர்களைப் பற்றி அறிவது பொதுப் பள்ளியின் உயிர்நாடி என்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பெற்றோர் வென்றது மதச் சுதந்திரம் என்ற அடிப்படையில். மதம் சாராத காரணத்துக்கு இதே பாதுகாப்புக் கிடைக்கும் என்று அந்தத் தீர்ப்பை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, நூல்களை நீக்கச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடவில்லை. கிடைத்தது விலகும் உரிமைதான்.

இதிலிருந்து உங்கள் பாலியல் கல்விக் கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடை சுருக்கமானது. அது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கையில் இருக்கிறது. அரிசோனாவில் பெற்றோர் எழுத்தில் அனுமதித்தால்தான் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார முடியும். கலிஃபோர்னியாவில் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் பிள்ளை வகுப்பில் இருப்பாள். நியூ ஜெர்சியில் மனச்சாட்சிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒவ்வாத பகுதியிலிருந்து விலகலாம். பாடப் பொருள்களைப் பெற்றோர் பார்க்கலாம் என்பது நான் மேலே சொன்ன 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே உறவினர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பூப்பெய்தும் பருவத்தின் உடல் மாற்றங்கள், பிறர் தொடுவதை மறுப்பது எப்படி, இணையத்தில் படம் அனுப்பக் கேட்டால் என்ன செய்வது போன்றவை ஆறாம் வகுப்புப் பாடத்தில் இருந்தால், அதிலிருந்து பிள்ளையை விலக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் முடிவு உங்களுடையது. முழுப் பாடமும் வேண்டாம் என்பதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஒரு நாள் பாடம் மட்டும் வேண்டாம் என்று கேட்கவும் பல பள்ளிகள் இடம் தருகின்றன. முடிவெடுக்கும் முன் உங்கள் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தோழிகள் எல்லாரும் வகுப்பில் இருக்க அவள் மட்டும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தால், அன்று மதிய உணவு நேரத்திலேயே அத்தனையும் கலந்துகட்டி அவள் காதுக்கு வந்துவிடும்.

இனி அந்த மனு. ‘பெற்றோர் உரிமை’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன என்பதே என் நீண்ட நாள் கருத்து. பாடத்திட்டத்தைப் பெற்றோருக்குக் காட்டு, கருத்தாய்வுக்கு முன் அறிவி, என் பிள்ளையை விலக்கிக்கொள்ள விடு என்று சொல்லும் சட்டம் ஒரு வகை. அது ஒவ்வொரு பெற்றோருக்கும் சமமாகப் பயன்படும். இன்ன பாடத்தை எவருக்குமே கற்பிக்காதே, அல்லது எவரும் விலகவே கூடாது என்று சொல்லும் சட்டம் வேறு வகை; அது சில பெற்றோரின் விருப்பத்தை மற்றப் பெற்றோரின் பிள்ளைகள் மீதும் செலுத்துகிறது. ஃபுளோரிடாவின் 2021ஆம் ஆண்டுப் பெற்றோர் உரிமைப் பட்டயத்தில் முதல் வகை அதிகம். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘கல்வியில் பெற்றோர் உரிமைகள்’ சட்டம், பாலின அடையாளம், பாலியல் நாட்டம் பற்றிய கற்பித்தலை மூன்றாம் வகுப்பு வரை அனைவருக்கும் தடுத்ததால் இரண்டாம் வகையையும் சேர்த்துக்கொண்டது. நாடு முழுவதற்குமான பெற்றோர் உரிமை மசோதா ஒன்று 2023 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 213க்கு 208 என்ற வாக்கில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. உங்கள் குழுவில் சுற்றும் மனு எந்த வகை என்பதை, தலைப்பைப் பார்த்து அல்ல, முழு வாசகத்தையும் படித்துத் தீர்மானியுங்கள்.

விசாவில் இருப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். பள்ளி வாரியத்துக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ அனுப்பும் சாதாரணக் கோரிக்கை மனுவில் யாரும் கையெழுத்திடலாம். ஆனால் ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகத் திரட்டும் மனுவில், பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திட முடியும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிந்தையதில் ‘நான் பதிவு பெற்ற வாக்காளர்’ என்ற உறுதிமொழி பொடி எழுத்தில் இருக்கும். அதில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. கையெழுத்துத் திரட்டுபவர் அதோடு சேர்த்து நீட்டும் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பவே கூடாது. குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று உறுதி கூறுவதும், சட்டத்துக்கு மாறாக வாக்களிப்பதும் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய குற்றங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ போன்ற ஓரிரு இடங்களில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று உள்ளூர் விதி உண்டு. அங்கேகூடக் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் வாக்குச்சாவடிப் பக்கம் போக வேண்டாம்.

வாக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்குக் குரல் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புகள், உள்ளன. உங்களைப் பாதிக்கும் பெரும்பாலான முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. வாரியக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் பேச விடுவார்கள். ஆனால் உங்கள் மகளைப் பற்றிய விஷயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். கூட்டம் பதிவு செய்யப்படும், அவள் பெயர் இணையத்தில் நிற்கும். அவளுடைய மொழிப் பிரிவுச் சிக்கல் மின்னஞ்சலில் தீர வேண்டியது. ‘அறிவிப்புக் கடிதங்கள் 30 நாளுக்குள் வருவதில்லை’ என்பதுபோல எல்லாப் பெற்றோரையும் தொடும் குறை இருந்தால், அது வாரியத்துக்கு உரியது.

மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது என்ற தயக்கம் இருக்கலாம் என்பதால், அதன் சாரத்தைத் தருகிறேன். ஆங்கிலத்தில் இதே அளவில் எழுதினால் போதும். ‘என் மகள் ஆங்கிலம் கற்போர் பிரிவில் சேர்க்கப்பட்டதாக அக்டோபரில் கடிதம் பெற்றேன்; பள்ளி ஆகஸ்டில் தொடங்கியது. அவளுடைய வீட்டு மொழிப் படிவம், தகுதித் தேர்வின் நான்கு பகுதி மதிப்பெண்கள் ஆகியவற்றைப் பார்க்க விரும்புகிறேன். முந்தைய பள்ளியின் மதிப்பெண்களை இணைத்துள்ளேன். இவற்றின் அடிப்படையில் மறுமதிப்பீடு கோருகிறேன். அது முடியும்வரை அறிவியல் வகுப்பு நேரத்தில் அவளை வெளியே அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேச வசதியான நாளைத் தெரிவியுங்கள்.’ இதைப் பள்ளி முதல்வருக்கு எழுதி, மாவட்ட அலுவலகத்தில் ஆங்கிலம் கற்போர் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். கருத்தாய்வுக்கும் உடல்நலப் பாடத்துக்கும் தனித்தனி மின்னஞ்சல். மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டால், எளிதானதற்கு மட்டும் பதில் வரும்.

தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் ‘இன்று நாம் பேசியதில் இவற்றுக்கு உடன்பட்டோம்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பள்ளியிலிருந்து இரண்டு வாரங்களில் பதில் இல்லையென்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், பதிவேடு, கருத்தாய்வு தொடர்பான புகாரை மத்தியக் கல்வித் துறையின் மாணவர் தனியுரிமைக் கொள்கை அலுவலகத்துக்கும், மொழி அடிப்படையில் பாகுபாடு நடந்தது என்ற புகாரை அதே துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். பாகுபாட்டுப் புகாருக்கு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள் கெடு. அந்த அலுவலகங்களில் கோப்பு மெதுவாகவே நகரும் என்பதால், மாவட்ட அளவிலேயே முடித்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் மாநிலத்தின் பெயரையும், பள்ளி அனுப்பிய கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள கல்விச் சட்ட வழக்கறிஞர் ஒருவரை ஒரு முறையாவது பாருங்கள்.